தக்கலையில் விற்ற மனை, கராமாவில் திறந்த கடை

துபாயில் சொந்தமாகக் கடை போட ஆசைப்படுகிற ஊர்க்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அரபிக்குப் பங்கு கொடுக்கணுமா?" என்பதுதான். 2021 ஜூன் வரைக்கும் அது நியாயமான கேள்வி. ஃப்ரீ சோன் என்ற தனிச் சலுகை வட்டாரங்களுக்கு வெளியே எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள) கம்பெனி தொடங்கினால் 51 சதவீதப் பங்கு உள்நாட்டுக் குடிமகன் பேரில் இருக்க வேண்டியிருந்தது. கருங்கல் பக்கத்து அண்ணன் ஒருவர் அப்படித்தான் பல வருடம் கஃபட்டேரியா நடத்தினார். முதல் முழுக்க அவருடையது, உழைப்பும் அவருடையது, ஆனால் பத்திரத்தில் அவர் 49 சதவீதக்காரர். வருடா வருடம் ஸ்பான்சருக்கு, அதாவது பேருக்குப் பங்காளியான அந்தக் குடிமகனுக்கு, ஒரு தொகை. உண்மையான முதலாளி யார் என்று தனியாக எழுதிக்கொண்ட ஓர் ஒப்பந்தமும் உண்டு. கோர்ட்டுக்குப் போனால் அது எவ்வளவு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சட்டம் மாறியபின் பெரும்பாலான தொழில்களுக்கு 100 சதவீதமும் நம் பேரிலேயே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பக்கம் சிக்கல் வரவில்லை.

என்னை அலைக்கழித்தது பணம். தொகை பெரிது என்பதால் அல்ல. என் சொத்து இருந்தது குமரி மாவட்டத் தக்கலையில், நான் போட நினைத்த சாப்பாட்டுக் கடை வரவேண்டியது துபாயின் கராமா பகுதியில். தக்கலைச் சொத்தைத் துபாய் வங்கி மதிக்காது, துபாய்க் கடையைத் தக்கலை வங்கி மதிக்காது. வெளிநாட்டில் தொழில் செய்கிறவனுடைய பாதிக் கஷ்டம் இதுதான் என்பது என் கருத்து.

துபாய் வங்கிகள் பொதுவாகப் புதுக் கம்பெனிக்குக் கடன் தருவதில்லை. ஒன்றிரண்டு வருடக் கணக்கும் ஆடிட் அறிக்கையும் கொண்டு வா என்பார்கள். சம்பளத்தை வைத்துத் தனிநபர் கடன் வாங்கலாம். மாதச் சம்பளத்தின் 20 மடங்கு வரை, 48 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். பலர் இதை வாங்கித்தான் தொழிலில் போடுகிறார்கள். ஆனால் வேலையை விட்டால் சம்பளம் நிற்கும், கடைசியாக வருகிற பணத்தை வங்கி பிடித்து வைக்கும். கடை போடுவதற்காக வேலையை விடப் போகிறவனுக்கு இது தோதான கடனா? நான் அந்தப் பக்கம் போகவில்லை. என்னிடம் இருந்தது சேமிப்பும், வரப்போகும் கிராஜுவிட்டியும். முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். அலவன்ஸ் எல்லாம் கழிந்தால் கையில் வருவது சமையலறைச் சாமானுக்குக் காணும், அவ்வளவுதான்.

மீதிக்கு அப்பா வழியில் பாகப்பிரிவினையில் எனக்கு வந்த 12 சென்ட் மனை இருந்தது. விற்க மனமில்லை, அடமானம் வைக்கலாம் என்று அத்தானை விட்டு விசாரிக்கச் சொன்னேன். சாயங்காலம் போன் வந்தது.

"மக்களே, நிலத்த வச்சு கடன் தருவாங்களாம். ஆனா அந்த ரூவாயை வெளிய அனுப்பக் கூடாதாம்."

"என்ன அத்தான், அப்புறம் எதுக்கு அது?"

"இங்க ஏதாவது தொழில் செய்யின்னு சொல்றாங்க."

வங்கி மேலாளர் அத்தானிடம் சொன்னது சரிதான். அந்நியச் செலாவணி விதிப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே சொத்தை அடமானம் வைத்து வாங்கும் ரூபாய்க் கடனை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சொத்தை விற்று வந்த பணத்தை அனுப்பலாம். வெளிநாட்டு வாழ் இந்தியர் ஊர் வருமானத்தைப் போடும் என்.ஆர்.ஓ. கணக்கில் போட்டு, வரி கட்டி, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை. நமக்கு அந்த உச்சவரம்பைப் பற்றிக் கவலையில்லை. ஆக, மனையைக் காப்பாற்றிக்கொண்டு கடை போட வழியில்லை.

இந்த இடத்தில் குழல்பணத்துக்காரர்கள், அதாவது ஹவாலாக்காரர்கள், வருவார்கள். ஊரில் ரூபாயைக் கொடு, இங்கே திர்ஹம் வாங்கிக்கொள். ஒரே நாளில் முடியும், கமிஷனும் குறைவு. சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி வந்த பணத்தைத் துபாயில் எந்த வங்கியிடம் காட்டுவது? பின்னால் கம்பெனிக் கணக்கு தொடங்கும்போது இதே கேள்வி வந்தது, நான் அந்த வழியில் போகாததால் காட்டக் கையில் காகிதம் இருந்தது.

சரி, விற்பனை. லீவு கிடைக்காததால் எனக்குப் பதிலாக விற்க அத்தானுக்குப் பவர் பத்திரம் எழுதினேன். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பிய பவர், ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைக் கட்டணம் செலுத்தி அங்கீகாரம் வாங்க வேண்டும். அந்த வேலை சுலபமாக முடிந்தது. ஆள் கிடைத்து விலை பேசி முடிப்பதற்குள் பவருக்கு வயதாகிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று 30 நாளுக்குள் வாங்கிய சான்று வேண்டும் என்றார்கள். தினமும் வீடியோ காலில் பேசுகிற அத்தான் எனக்கு உயிர்ச் சான்று கேட்டு மெசேஜ் அனுப்பியதை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேலி ஒருபுறம், அந்த விதி நல்லதுதான். வெளிநாட்டில் இருப்பவர்களின் நிலத்தைப் பழைய பவரை வைத்து விற்ற கதைகள் நம் பக்கத்தில் குறைவில்லை.

வரிதான் உண்மையான முட்டுக்கட்டை. விற்பவர் உள்ளூர்க்காரர் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தால் போதும். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த வரம்பே கிடையாது. நான் விற்ற 2023-இல் 20 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிக்க வேண்டியிருந்தது (2024 ஜூலை 23 முதல் இது 12.5 சதவீதம்). லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்காவிட்டால், வங்கிகளும் ஆடிட்டர்களும் முழு விலைக்கும் பிடிக்கத்தான் சொல்வார்கள். அந்தச் சான்றிதழுக்கு அப்போது 13-ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. மேலும் வாங்குபவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வாய்த்தவர் ரப்பர் ஷீட் வியாபாரி. "உங்க நிலத்த வாங்க நான் எதுக்கு நம்பர் எடுக்கணும் அண்ணாச்சி?" என்று அத்தானிடம் சடைத்துக்கொண்டார். எங்கள் செலவில் எடுத்துக் கொடுத்தோம். இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அட்வான்ஸ் வாங்கியபின் சொன்னால், விலை குறைக்கப் போடும் திட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் ஏறியது. வரி விஷயம் சரி என்று ஆடிட்டர் தந்த 15சிபி சான்று, பணத்தை வெளியே அனுப்புவதாக நானே ஆன்லைனில் கொடுத்த 15சிஏ அறிவிப்பு, பத்திர நகல், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். கிளையில் கோப்பு அப்படியே கிடந்தது. நம் மாவட்டத்துக் கிளைகளுக்கு வளைகுடாப் பணத்தை வாங்கி வைத்து நல்ல பழக்கம், வெளியே அனுப்பித்தான் பழக்கமில்லை. சென்னையிலுள்ள அந்நியச் செலாவணிப் பிரிவின் மின்னஞ்சலைத் தேடி எடுத்து நேரடியாக எழுதிய பிறகே நகர்ந்தது.

இதற்கிடையில் துபாயில் ஒரு வட்டம். லைசென்ஸ் வேண்டுமென்றால் இஜாரி, அதாவது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். கட்டட உரிமையாளருக்கு வருட வாடகையை முன்தேதியிட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டும். கம்பெனி செக் புத்தகத்துக்குக் கம்பெனிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு லைசென்ஸ் வேண்டும். எல்லோரும் செய்வதுபோல் என் சொந்த செக்கைக் கொடுத்தேன். 2022-க்கு முன் பணமில்லாமல் செக் திரும்பினால் போலீஸ் கேஸ். இப்போது பெரும்பாலும் கிரிமினல் குற்றமில்லை என்றாலும், உரிமையாளர் பணத்தை வசூலிக்க நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம், பயணத் தடையும் வரலாம். ஊர்ப் பணம் வரத் தாமதமான நாட்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் செக்குகள்தான். அதனால் பணம் வந்து சேரும்வரை வேலையை விடவில்லை.

நகராட்சிக்குச் சமையலறை வரைபடம், எண்ணெய் வடிகட்டும் தொட்டி, புகைக்குழாய், உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர், பணியாளர்களுக்கு மருத்துவ அட்டை. செலவு உண்டு, ஆனால் கேட்பது தெளிவாக இருக்கும், செய்தால் அனுமதி கிடைக்கும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பெனிக் கணக்குக்கு வங்கி கேட்டது: முதலீடு எங்கிருந்து வந்தது? தக்கலைப் பத்திரத்தைச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். வடக்கே தோடு (ஓடை), மேற்கே இன்னாருடைய புரையிடம் (வீட்டுமனை) என்ற நான்கெல்லையை ஒரு எகிப்திய அதிகாரி விரல் வைத்து வாசித்தார். 15சிபி, வங்கி அறிக்கை, பணம் வந்த ரசீது எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியதால் அதற்குமேல் கேள்வியில்லை.

கடை திறந்தாயிற்று. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டியதும் 5 சதவீத வாட் எனும் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிந்தேன். லாபம் அதே தொகையைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 9 சதவீதக் கம்பெனி வரி. சிறு தொழில்களுக்குச் சலுகை இருக்கிறது, என்றாலும் பதிவு கட்டாயம்.

பாக்கியிருப்பது உயில். லைசென்ஸ், விசா, வங்கிக் கணக்கு மூன்றும் என் ஒருவன் பேரில். எனக்கு ஏதாவது ஆனால் கணக்கு முடங்கும், என் விசாவில் இருக்கும் மனைவி பிள்ளைகளின் விசாவும் கேள்விக்குறியாகும். முஸ்லிம் அல்லாதவர்கள் துபாய் நிதி மையத்தின் டி.ஐ.எஃப்.சி. நீதிமன்றத்தில் உயிலைப் பதிவு செய்ய வழியிருக்கிறது. கட்டணம் கொஞ்சம் அதிகம். அடுத்த லைசென்ஸ் புதுப்பிப்புக்கு முன் முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.