மரத்துக்குக் கட்டு

மாமரக் கவட்டையில் தேங்காய் நாரை வைத்து, பிரம்ம கமலத் தண்டைப் பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்காமல் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏல, மரத்துக்குக் கட்டு போடுதியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஆச்சி.

"இதுவும் கள்ளிதான் ஆச்சி" என்றால் நம்பவில்லை. சப்பாத்திக்கள்ளியையே பார்த்து வளர்ந்தவள், முள்ளே இல்லாத இதை எப்படி நம்புவாள்!

மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் இது மரத்தில் தொற்றி வாழும், ஆனால் மரத்தை உறிஞ்சாது, கவட்டையில் மட்கிய இலையும் மழையும் போதும். இலை மாதிரித் தெரிவதெல்லாம் தண்டு, பூ அதன் விளிம்பில் வரும்.

நாமோ கள்ளி என்றதும் மணலை நிரப்பி, பாளையங்கோட்டை வெயிலில் காயவைத்து, மஞ்சளடித்த பிறகு செடியைத் திட்டுகிறோம்.

ஆச்சியும் ஒரு தண்டு கேட்டிருக்கிறாள், முருங்கையில் ஏற்றவாம். அது பட்டென்று ஒடியும், வேம்பு பாருங்க என்றிருக்கிறேன்.