லிசா எடுத்த படமும் எங்கள் வீட்டு ஜூரியும்

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 2008 மே மாதம் வந்த எபிசோட் ‘எனி கிவன் சன்டான்ஸ்’. அதைத் தம்பிதான் போட்டுக் காட்டினான். அவன் குறும்படம் எடுக்கிறவன். கேமராவை ஓடவிட்டு, “நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாருக்கா” என்று சொல்கிற ரகம். அதனால் அவன் சிரித்த இடம் வேறு, நான் சிரித்த இடம் வேறு.

கதை இதுதான். எட்டு வயது லிசா தன் குடும்பத்தையே ஆவணப்படமாக எடுக்கிறாள். பள்ளி முதல்வர் ஸ்கின்னரும் அவருடைய மேலதிகாரி சால்மர்ஸும் தயாரிப்பாளர்களாகிவிடுகிறார்கள். படம் சன்டான்ஸ் என்ற பெரிய திரைப்பட விழாவுக்குத் தேர்வாகிறது. யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டிக்குக் குடும்பமே பெருமையாகக் கிளம்பிப் போகிறது. அங்கே திரையில் பார்த்தால், ஓடுவது அவர்கள் மானம்.

தம்பிக்கு அந்த இரண்டு தயாரிப்பாளர்களைப் பார்த்துச் சிரித்து மாளவில்லை. நேற்றுவரை பள்ளிக்கூட ஃபைல் பார்த்தவர்கள், இன்று விழாவில் சினிமாக்காரர்கள்! இயக்குநர் ஜிம் ஜார்முஷ் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். கார்ட்டூன் ஜார்முஷுக்கு அவரே குரல் கொடுத்திருக்கிறார். ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ படத்துக்காக 1984இல் கான் விழாவில், முதல் பட இயக்குநர்களுக்கான கேமரா டோர் விருது வாங்கியவர். பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி சினிமா என்று யார் பேச்செடுத்தாலும் தம்பி முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

நான் லிசாவின் அம்மா மார்ஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பேர் தெரியாத ஜனங்கள் தன் வீட்டுச் சண்டையை ரசிக்கும்போது, நடுவில் உட்கார்ந்திருப்பவள் என்ன செய்வாள், பாவம். அப்பாதான் கேட்டார்:

“அந்தப் பொண்ணு முதல்ல அம்மாகிட்ட போட்டுக் காட்டிச்சா?”

“போட்டுக் காட்டினா வெட்டச் சொல்லுவாங்கப்பா.”

“சொல்லட்டுமே.”

தம்பி வாயைத் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அவன் படம் ஒன்றில் நான் தலைவிரி கோலமாக யாரையோ திட்டும் காட்சி இருக்கிறது. அது எத்தனை பேர் பார்த்த படம் என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

லிசாவின் படத்துக்குப் பெயர் ‘கேப்சரிங் தி சிம்ப்சன்ஸ்’. ஆண்ட்ரூ ஜாரெக்கி இயக்கி, 2003இல் சன்டான்ஸ் ஜூரியின் பெரிய பரிசை வாங்கிய ‘கேப்சரிங் தி ஃப்ரீட்மன்ஸ்’ ஆவணப்படத்தைக் கிண்டல் செய்யும் பெயர் அது. குற்ற வழக்கில் சிக்கிய ஒரு குடும்பம், வீட்டுக்குள் நடந்த சண்டைகளைத் தானே வீடியோவில் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காட்சிகள்தான் அந்தப் படத்தின் உயிர். இந்த விவரத்தைத் தம்பி எனக்கு எதிராக எடுத்து நீட்டினான்: குடும்பத்து ஆளே பிடித்த காட்சி, அப்புறம் என்ன? ஆனால் ஒருவர் கேமரா பிடித்ததால் மற்றவர்களும் தலையாட்டியதாகிவிடுமா?

எபிசோட் இந்தக் கேள்வியிலிருந்து நைசாக நழுவிவிடுகிறது. லிசாவின் பள்ளியில் படிக்கும் முரட்டுப் பையன் நெல்சன் தன் வாழ்க்கையைப் படமாக எடுத்து வருகிறான். கூட்டம் அந்தப் பக்கம் திரும்புகிறது. நம்மைவிட மோசமான வீடும் உண்டு என்று சிம்ப்சன் குடும்பத்துக்கு ஆறுதல். அடுத்த வீட்டு அவலம் பெரிது என்பதால் லிசா செய்தது சரியாகிவிடாது. இருபத்திச் சொச்சம் நிமிடத்தில் வேறென்ன செய்ய முடியும் என்று தம்பி வக்காலத்து வாங்கினான். அதையும் தள்ளிவிட முடியவில்லை.

கையோடு 1995இல் வந்த ‘எ ஸ்டார் இஸ் பர்ன்ஸ்’ எபிசோடையும் பார்த்தோம். அதில் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே திரைப்பட விழா. இது ‘தி கிரிட்டிக்’ என்ற இன்னொரு தொடருக்கு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு, சிம்ப்சன்ஸின் படைப்பாளி மேட் கிரேனிங் டைட்டிலிலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். பார்ப்பவர்களுக்கு அந்தக் கோபம் தேவையில்லை. சிரிப்புக்குக் குறைவே இல்லை. குடிகாரன் பார்னி தன் குடியைப் பற்றி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கும், ஒரு கிழவருக்குப் படக்கூடாத இடத்தில் பந்து படும் படத்துக்கும் நடுவே, ஜூரியில் இருக்கும் லிசாவின் அப்பா ஹோமரின் மனம் ஊசலாடுகிறது. கடைசியில் பார்னி ஜெயிக்கிறான். தம்பி கைதட்டினான்.

அப்பாவுக்கு ஒப்பவில்லை. பந்துப் படத்துக்குத்தான் பரிசு போயிருக்க வேண்டுமாம். அந்தக் கிழவரிடம் சம்மதம் வாங்கினார்களா என்று கேட்டேன். “அவரே எடுத்து அவரே நடிச்சிருக்கார், பேசாம இரு” என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.