சம்பளம் கூடவே வருமா?

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் ஒரு சிறிய வருமான வரி அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். ஏப்ரல் நடுப்பகுதி கடந்து வேலைச் சுமை குறைந்த பிறகு எங்களைத் தேடி வருபவர்களில் பலருக்கு வரி கட்டுவது நோக்கமாக இருப்பதில்லை. மனைவியையோ கணவரையோ அமெரிக்காவுக்கு அழைத்துவர வருபவரைத் தாங்கிக்கொள்ளப் போதிய வருமானம் தமக்கு உண்டு என்று உறுதிகூறும் ஐ-864 என்னும் ஆதரவுப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருப்பதால், அதனுடன் இணைக்க வரிக் கணக்கின் நகல் கேட்டு வருகிறார்கள். அவர்களுள் வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களின் கோப்பைத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

2024 ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து காணொளி அழைப்பில் ஓர் இளைஞர் பேசினார். நியூ ஜெர்சியில் பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன்; ஐந்து வயதில் பெற்றோருடன் கோவைக்குத் திரும்பியவர். மென்பொருள் நிறுவனமொன்றில் ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் சம்பளம். திருமணமாகி ஒன்றரை ஆண்டு. மனைவியுடன் அமெரிக்காவில் குடியேற விரும்பினார். வரிக் கணக்கு எங்கே என்று கேட்டதும், "அக்கா, நான் அமெரிக்காவில் ஒரு டாலர்கூடச் சம்பாதித்ததில்லை. இங்கே மாதாமாதம் டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் அங்கே எதற்குக் கணக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். கேட்பவர்கள் யாரும் எதையும் மறைக்க நினைத்தவர்கள் அல்லர். அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ உலகில் எங்கே சம்பாதித்தாலும், அந்த வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்காவில் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளிநாட்டில் வசிப்பது இந்தக் கடமையிலிருந்து விலக்குத் தராது என்று ஐ-864 படிவத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. கொடுக்க வேண்டிய கணக்கைக் கொடுக்காமல் விட்டிருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் பிரமாணப் பத்திரத்துக்கு வர வேண்டும்.

அவர் அனுப்பிய ஃபார்ம் 16 ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு. அமெரிக்காவுக்கு சனவரி முதல் டிசம்பர் வரை வேண்டும். ஆகவே முப்பத்தாறு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, ஆண்டு வாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தில் டாலராக்கினேன். 2023க்கு ஏறத்தாழ 29,000 டாலர் வந்தது. வங்கி வைப்புத்தொகை வட்டியையும் சேர்த்தேன். இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பின் வட்டிக்கும் விவசாய வருமானத்துக்கும் இந்தியாவில் வரி இல்லை என்பதால் அவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள்; அமெரிக்கக் கணக்கில் இரண்டும் வருமானம்தான்.

அறியாமையால் கணக்குக் கொடுக்காமல் விட்டு, வெளிநாட்டிலேயே வசித்து வருபவர்களுக்கு அபராதமின்றிச் சரிசெய்துகொள்ள வரித்துறை ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரிக் கணக்குகளும், கடந்த ஆறு ஆண்டுகளில் வெளிநாட்டு வங்கி இருப்புகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டிய ஆண்டுகளுக்கு எஃப்பார் என்னும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளும் கொடுக்க வேண்டும். விட்டுப்போனது எப்படி என்று கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். கணக்குகளைக் காகிதத்தில் அச்சிட்டு, முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் திட்டத்தின் பெயரை எழுதி, டெக்சாசின் ஆஸ்டினுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்துகளை எழுதும்போதெல்லாம், ஒருவர் தானாக முன்வந்து சொல்லும் உண்மையை ஏந்திச் செல்லும் காகிதம் இது என்று எண்ணி, கை சற்று நிதானமாகவே நகரும்.

அனுப்பும் முன் ஒன்றை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதில் நான் முன்பொரு முறை தவறியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், துபாயில் பணிபுரிந்த ஒருவருக்குக் கணக்கு எழுதினேன். வெளிநாட்டுச் சம்பளத்தைக் குறிப்பிட்ட வரம்புவரை வருமானத்திலிருந்து விலக்கிக்கொள்ள 2555 என்ற படிவம் உண்டு; 2023க்கு அந்த வரம்பு 1,20,000 டாலர். அதைப் பயன்படுத்தியபோது வரியும் இல்லை, 'மொத்த வருமானம்' என்ற கட்டத்திலும் எதுவும் மிஞ்சவில்லை. பிரமாணப் பத்திரம் கேட்பது அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணைத்தான். நானோ அவருடைய முழுச் சம்பளத்தை அங்கே எழுதிவிட்டேன். இரண்டும் பொருந்தவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. விளக்கக் கடிதத்துடன் மீண்டும் கொடுத்து முடிய நான்கு மாதங்கள் ஆயின. ஒவ்வொரு வாரமும் அவர் மனைவி திருச்சியிலிருந்து அழைத்து, "ஏதாவது தகவல் உண்டா, மேடம்?" என்று கேட்ட அந்தத் தணிந்த குரலை நான் மறக்கவில்லை.

ஆகவே இந்த இளைஞருக்கு 2555 வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இந்தியாவில் அவர் கட்டியிருந்த வரி, அமெரிக்காவில் அதே வருமானத்துக்கு வரக்கூடிய வரியைவிட அதிகம். 1116 படிவத்தின் வழியே அந்த வரியைக் கழித்துக்கொண்டால் கட்ட வேண்டியது ஒன்றும் இராது. மொத்த வருமானமும் குறையாமல் நிற்கும். வரி இரு வழியிலும் பூச்சியம். ஆனால் முதல் வழியில் சம்பாதிக்காதவரைப் போலத் தோன்றும் ஒருவர், இரண்டாம் வழியில் உழைத்துச் சம்பாதிப்பவராகவே தெரிகிறார். துபாய்க்காரருக்கு இந்த வழி உதவியிருக்காது. அங்கே சம்பளத்துக்கு வரியே இல்லை.

இவ்வளவு செய்தும், அவருக்கு வருத்தம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. பிரமாணப் பத்திரம் கொடுப்பவரின் வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும்; 2025க்கான கணக்குப்படி இருவர் உள்ள குடும்பத்துக்கு அது 26,437 டாலராக இருந்தது. "எனக்கு அதற்கு மேலேயே வருகிறதே, அக்கா" என்று நிம்மதியாகச் சொன்னார். சம்பளம் எவ்வளவு என்பதற்கு அடுத்து, குடியேறிய பிறகும் அதே இடத்திலிருந்து அது தொடர்ந்து வருமா என்றும் பார்ப்பார்கள். அவருடைய நிறுவனம் அமெரிக்காவிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கவில்லை. சொத்தைக் காட்டலாமென்றால், குறையும் தொகையைப் போல் மூன்று மடங்கு, ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடியதாக வேண்டும். கோவை வீடோ அப்பாவின் பெயரில் இருந்தது. சற்று நேரம் அவர் பேசவில்லை. மாமனார் முன்னால் எப்படிச் சொல்வேன் என்றார்.

டெக்சாசில் இருந்த சித்தப்பா, தம் வருமானத்தைக் காட்டித் தாமும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கும் இணை ஸ்பான்சராக முன்வந்தார். அவருடைய வீட்டில் நால்வர். வரப்போகும் பெண்ணையும் சேர்த்து ஐவருக்கு 47,000 டாலருக்குச் சற்று மேல் வேண்டியிருந்தது. அது அவரிடம் தாராளமாக இருந்தது. ஆயினும் கையெழுத்திடும் முன் அவரிடம் நானே பேசினேன். அந்தப் பெண் குடியுரிமை பெறும்வரையோ, நாற்பது காலாண்டுகள் உழைத்த கணக்கு அவர் பெயரில் சேரும்வரையோ அவரைத் தாங்கும் பொறுப்பு பொதுவாகத் தொடரும் என்றும், கணவன் மனைவி பிரிந்தாலும் அது நீங்காது என்றும் சொன்னேன். நல்ல காரியத்தின்போது இப்படிப் பேசலாமா என்று வீட்டில் சிலர் வருந்தினார்களாம். சித்தப்பா முழுவதும் கேட்டுக்கொண்டு, "தெரிந்தே போடுகிறேன்" என்றார். மறுநாள் கையெழுத்திட்ட படிவம் வந்தது.

2025 ஆகஸ்டில் இருவரும் நியூவர்க்கில் வந்திறங்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் அலுவலகத்துக்கு நேரில் வந்தார்கள். கூட்டாகக் கணக்குக் கொடுப்பதாயின், அமெரிக்கா வருமுன் மனைவி ஆசிரியையாக வாங்கிய சம்பளத்தையும் அந்த முழு ஆண்டுக்கும் காட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். சம்பளச் சீட்டுகள் ஏப்ரலில் தொடங்காமல் சனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமாக அடுக்கப்பட்டிருந்தன.