பஞ்சரை ஒட்டுவதற்கு முன்

சைக்கிளில் நாள்தோறும் வேலைக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போய்வருகிறவர்கள் வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக நேர்வதற்குப் பெரும்பாலும் பஞ்சர்தான் காரணம். செயின் அறுவதும் பிரேக் கம்பி அறுவதும் எப்போதாவது நடப்பவை. பஞ்சர் ஒட்டும் முறையை நம்மில் பலர் சிறுவயதிலேயே கடை வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறோம். ஆனால் ஒட்டுவது அந்த வேலையில் பாதிகூட இல்லை என்பது என் கருத்து. டியூபில் ஓட்டை எந்த இடத்தில், எந்த வடிவில், எந்தப் பக்கமாக விழுந்திருக்கிறது என்று பார்த்தால் அது ஏன் விழுந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒட்டிய டியூப் அடுத்த தெருமுனையிலேயே மறுபடியும் இறங்கிப்போகக்கூடும். இப்போது பஞ்சர் கடை என்று பலகை மாட்டியிருப்பவர்களிலும் பலர் மோட்டார் சைக்கிள், கார் டயர்களை மட்டுமே பார்க்கிறார்கள் என்பதால், இந்த அறிவு நம் கையில் இருப்பது நல்லது.

இராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை போன்ற வறண்ட மாவட்டங்களில் ஓட்டுகிறவர்களுக்கு முதல் எதிரி சீமைக் கருவேல முள். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிய கிளைகளை வண்டியில் ஏற்றிப்போகும்போது உதிரும் சிறு கொப்புகள் சாலையோரத்தில் கிடக்கும். சைக்கிள்காரர்களுக்கு ஒதுங்கிய இடமும் அதே சாலையோரம்தான். இந்த முள் டயரின் தடித்த ரப்பரையும் துளைத்துப்போகும் அளவுக்கு உறுதியானது. உள்ளே ஏறியபின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தரையில் தேய்ந்தோ முறிந்தோ போய்விட, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் சுத்தமாக இருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்து எடை விழும்போதுதான் அந்த நுனி உள்ளே நீட்டி டியூபைக் குத்தும். ஒட்டிய மறுநாளே அதே இடத்தில் ஓட்டை விழுந்தால் கடைக்காரரின் வேலைத்திறத்தைக் குறை சொல்வதற்கு முன் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். நெருஞ்சி முள் இன்னொரு வகை: ஓடிவந்த வழியில் கொடி படர்ந்திருந்தால் ஒரே சுற்றில் பல இடங்களில் குத்தியிருக்கும் என்பதால், முதல் ஓட்டையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. டயர் மாட்டும்போதே அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி வைத்துவிட்டால், பிற்பாடு அது ஓர் அடையாளமாகப் பயன்படும். டியூபை உருவிக் காற்றடித்து, வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி ஓட்டை இருக்கிறது என்று அளந்தால், டயரிலும் அந்த அடையாளத்திலிருந்து அத்தனை சாண் தள்ளித்தான் குத்திய பொருள் இருக்கும். டியூபைத் திருப்பிப் பிடித்திருக்கலாம் என்பதால் இரு பக்கமும் பார்த்துவிட வேண்டும். டயருக்குள் வெறும் விரலை வேகமாக ஓட்டாமல் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுருட்டித் தேய்த்தால், நூல் சிக்கும் இடத்தில் முள்ளோ கண்ணாடித் துண்டோ இருக்கும். தண்ணீர்ப் பாத்திரம் இல்லாத இடத்தில் காற்றடித்த டியூபைக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய் மெல்லச் சுற்றினால் கசிவு தெரியும். லாரிகள் ஓடும் சாலையில் காதைவிடக் கன்னம் நம்பகமானது.

ஓட்டை டியூபின் வெளிப்புறத்தில், அதாவது தரையை நோக்கிய பக்கத்தில், ஒரே புள்ளியாக இருந்தால் முள், ஆணி, கண்ணாடி என்று கொள்ளலாம். அருகருகே இரண்டு சிறு கிழிசல்களாக இருந்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை. காற்றுக் குறைவாக இருந்த டயர், குழியின் விளிம்பிலோ வேகத்தடையிலோ மோதியபோது டியூபை ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் வைத்து நசுக்கியிருக்கிறது. இதற்கு மருந்து காற்றுதான். ஓட்டை உட்புறத்தில், ரிம்மை நோக்கி இருந்தால் கவனம் ஸ்போக்ஸ் மீது போக வேண்டும். ஸ்போக்ஸ் முனைகளை மூடி ரிம்மைச் சுற்றியிருக்கும் ரிம் டேப் நகர்ந்தோ நைந்தோ போயிருக்கும். அல்லது சமீபத்தில் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தபோது (கோணலை நிமிர்த்தியபோது) இறுக்கிய ஸ்போக்ஸின் முனை நிப்பிளை, அதாவது அதை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு நட்டைத் தாண்டி மேலே வந்திருக்கும். அந்த முனையை அரத்தால் தேய்த்துவிட்டு டேப்பை மாற்றாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை. வால்வின் அடிப்பகுதியில் கிழிந்த டியூபை ஒட்டவே முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அங்கே கிழிவதற்கும் பெரும்பாலும் காரணம் காற்றுப் போதாமல் டயர் ரிம்மின் மீது நகர்ந்து, கூடவே டியூபையும் இழுத்துக்கொண்டு போவதுதான்.

டியூபை முழுவதும் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தும் குமிழ் வரவில்லை, ஆனாலும் இரவில் அடித்த காற்று காலையில் இல்லை என்றால் வால்வைச் சந்தேகிக்கலாம். நம் ஊர்ப் பழைய ரகச் சைக்கிள்களில் இருக்கும் வால்வின் உள்ளே மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று கம்பியைக் கவ்விக்கொண்டிருக்கும். அதுதான் வால்டியூப். வெயிலில் அது காய்ந்து வெடித்துவிட்டால் காற்று அதன் வழியாகத் திரும்பி வெளியேறும். புதிய துண்டைச் சிறிது எச்சில் தொட்டு நுழைத்தால் வேலை முடிந்தது. விலை மிகக் குறைவு, எடையே கிடையாது, ஆகவே ஒரு சாண் நீளம் பையில் எப்போதும் கிடக்கலாம். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வானால் அதன் வாயில் எச்சிலைத் தடவிக் குமிழ் எழுகிறதா என்று பார்த்து, எழுந்தால் உள்ளிருக்கும் பின்னைச் சற்று இறுக்கினால் போதும்.

ஒட்டுவதில் அவசரம்தான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். உப்புத்தாளால் தேய்ப்பது அழுக்குப் போவதற்காக மட்டும் அன்று. டியூபின் பளபளப்பான மேற்பரப்பு போய் மங்கலாகத் தெரியும்வரை, ஒட்டுத் துண்டைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகத் தேய்க்க வேண்டும். டியூப் நெடுக ஓடும் வார்ப்புக் கோடு அந்த வட்டத்துக்குள் வந்தால் அதைத் தட்டையாகும்படி தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரப்பின் ஓரமாகக் காற்று கசியும். சொல்யூஷனை, அதாவது ரப்பர் ஒட்டும் பசையை, மெல்லிய பூச்சாகப் பரப்பியபின் சுமார் ஐந்து நிமிடம், ஈர மினுமினுப்பு போகும்வரை, விரல் படாமல், வாயால் ஊதாமல் விட்டுவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே அடைபட்ட கரைப்பான் ஒட்டைப் பிடிக்க விடாது. காய்ந்தபின் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். கடைகளில் பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டையே பயன்படுத்துவது வழக்கம். அதையும் நன்றாகத் தேய்த்துச் சொல்யூஷன் பூசினால் பிடிக்கும் என்றாலும், ஓரம் மெலிந்த தயார் ஒட்டுகள் டயருக்குள் வரப்பாக நிற்பதில்லை. சொல்யூஷன் தேவைப்படாத, தானே ஒட்டிக்கொள்ளும் ஒட்டுகளை வீடு வந்து சேர்வதற்கான தற்காலிக ஏற்பாடாக மட்டுமே நான் எண்ணுகிறேன்.

சாலையில் நின்று ஒட்டுவதா, மாற்று டியூபைப் போட்டுவிட்டு வீட்டில் ஒட்டிக்கொள்வதா என்பது வண்டியைப் பொறுத்தது. கியர் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றுவது எளிது. அங்கே மாற்று டியூப்தான் சரி. செயின் கவர், கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு தாங்கி எல்லாம் பின்சக்கர அச்சிலேயே வந்து சேரும் பழைய பெரிய சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினால் பொழுது போய்விடும். அதனால்தான் நம் கடைக்காரர்கள் வண்டியைச் சாய்த்து வைத்து, டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபை உருவி அங்கேயே ஒட்டுகிறார்கள். அந்த முறையைக் கற்றுக்கொள்வதே நமக்கும் நல்லது. திரும்ப மாட்டும்போது டியூபில் உருவம் பிடிக்கும் அளவுக்குச் சிறிது காற்று இருக்க வேண்டும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடித்து, கடைசிப் பகுதியை லீவரால் நெம்பாமல் கட்டைவிரல்களால் தள்ளி ஏற்ற வேண்டும். லீவரால் ஏற்றினால் இப்போது ஒட்டிய டியூபையே கடித்துவிடும் வாய்ப்பு அதிகம். பின் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிட்டு, டயரின் விளிம்புக் கோடு ரிம்மைச் சுற்றிலும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று பார்த்தபிறகே முழுக்காற்று. டயரின் பக்கவாட்டில் பெரிய வெட்டு விழுந்திருந்தால் பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டை உட்புறம் வைத்தால்தான் டியூப் அந்த வழியாகப் பிதுங்காது.

காற்று எவ்வளவு என்ற கேள்விக்கு விடை டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் போதும் என்பதால் பெட்ரோல் பங்கில் அதே அளவைச் சைக்கிளுக்கும் அடித்து அனுப்பிவிடுவது உண்டு. ஆனால் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள, 700 என்ற அளவுப் பெயர் கொண்ட டயருக்கு ஏறத்தாழ 50 முதல் 75 வரை தேவைப்படும். பின்சக்கரத்தின் மீது எடை அதிகம் விழுவதால் முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஓட்டை இல்லாத டியூபிலிருந்தும் காற்று சிறுகச் சிறுகக் குறையும் என்பதால், வாரம் ஒருமுறை அடிக்கும் பழக்கம் இருந்தாலே நசுங்கி விழும் ஓட்டைகளும் வால்வடிக் கிழிசலும் ஏறக்குறைய நின்றுவிடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பாதுகாப்புப் பட்டையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். முள்ளைத் தடுக்கிறது என்பது உண்மைதான். எனினும் பட்டையின் வெட்டு முனை டியூபை உரசியே ஓட்டை போடுவதும் உண்டு, ஆகவே அந்த முனையை வட்டமாக நறுக்கித் தேய்த்துவிட்டு வைப்பது அவசியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயினின் உருளைகளுக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே தங்கும் எண்ணெய் புழுதியைச் சேர்த்துச் செயினைத் தேய்ப்பதற்குத்தான் உதவும். செயினின் 24 கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்துபோகும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும், டயரில் உரசினால் பக்கவாட்டையே அறுத்துவிடும். முலாம் பூசிய இரும்பு ரிம்கள் மழையில் நனைந்தால் பிரேக் வெகுவாகக் குறையும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பெடலில் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்ற ஆட்டம் தெரிந்தால் கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) அச்சோடு பிணைக்கும் கோட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அன்றே சரிசெய்யாவிட்டால் கிராங்கே கெட்டுவிடும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை அறியாமல் முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினால் அது கழலாது, இறுகும்.

பையில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை: இரண்டு லீவர்கள், ஒட்டுகள், உப்புத்தாள், துணி, வால்வுக்குப் பொருந்தும் சிறு பம்ப், அச்சு நட்டுக்கான ஸ்பேனர் அல்லது 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள். சொல்யூஷன் குப்பியை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை திறந்தால் நம் வெயிலில் சில மாதங்களில் உள்ளே காய்ந்துவிடும் என்பதால், திறக்காத குப்பி ஒன்றைத் தனியே வைத்திருப்பது பாதுகாப்பு. மாற்று டியூப் வாங்கும்போது கடையில் வெறுமனே 26 என்று கேட்டால் போதாது, ஏனெனில் 559, 590 மில்லிமீட்டர் என்ற இரண்டு வேறு ரிம் விட்டங்களுக்கு அந்த ஒரே பெயர் வழங்குகிறது. பழைய பெரிய சைக்கிளின் 28க்கு 635, 700க்கு 622. டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும், முதலாவது அகலம், இரண்டாவது விட்டம். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, வால்வின் வகையையும் சேர்த்துச் சொல்லி வாங்குங்கள்.