ஜேர்மனிக்கு ஸ்பொன்சர் விசா: ஏ1 பரீட்சைக்கு எப்படிப் படிப்பது?

ஜேர்மன் பிரஜையைக் கலியாணம் முடித்தால் அடுத்த மாதமே பிளேன் ஏறலாம் என்று எங்கள் ஊரில் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலியாண எழுத்து முடிந்து, பத்திரங்களை எல்லாம் மொழிபெயர்த்துக் கையில் வைத்திருந்தாலும் ஏ1, அதாவது டொச் (ஜேர்மன் மொழி) முதல் நிலைச் சான்றிதழ் இல்லாவிட்டால் பெரும்பாலும் காரியம் அதோடு நின்றுவிடும். 2007 ஓகஸ்டில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கணவனுடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழப் போகிறவர் புறப்படுவதற்கு முன்பே அடிப்படை டொச் தெரியும் என்று காட்ட வேண்டும். என் கணவர் டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்தவர், ஜேர்மன் குடியுரிமை உள்ளவர். யாழ்ப்பாணத்தில் இருந்து படித்து, கொழும்பில் உள்ள ஜேர்மன் மொழி, கலாசார நிலையமான கோதே நிறுவனத்தில் பரீட்சை எழுதினேன். இனிப் படிக்கப் போகிறவர்களுக்கு உதவக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். இங்கேதான் வீடுகளில் பெரிய குழப்பம் வருகிறது. புளூ கார்ட்டில் (உயர் தகைமை உள்ள வெளிநாட்டவருக்கான வதிவிட அனுமதி) வேலை செய்யும் பொறியியலாளரை முடித்த பெண்ணுக்கு ஏ1 தேவையில்லை. ஜேர்மன் குடியுரிமை உள்ளவரை முடித்த பெண்ணுக்குத் தேவை! பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சை இல்லாமல் போனாள் என்ற கதையை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. அங்கே இருப்பவரின் நிலையைப் பொறுத்துச் சட்டம் மாறும். குடியுரிமை உள்ளவரை முடித்தவர்களுக்கு வேறு சலுகைகள் உண்டு. விசாக் கட்டணம் இல்லை. கணவரின் சம்பளத்தையும் வழமையாகப் பெரிதாகத் துருவுவதில்லை. போனவுடன் வேலை செய்யவும் உரிமை உண்டு.

பரீட்சையின் பெயர் ஸ்டார்ட் டொய்ச் 1. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட வராது. நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. பகுதிக்குப் பகுதி தனித்தனியாக இவ்வளவு எடுக்க வேண்டும் என்றில்லை, மொத்தம்தான் கணக்கு. ஒன்றில் குறைந்தாலும் இன்னொன்றில் ஈடுகட்டலாம். ஆனால் தவறினால் நான்கையும் மறுபடி எழுத வேண்டும்.

எங்கள் ஊர் ரியூசன் வகுப்புகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. டெர், டீ, டஸ் (பெயர்ச்சொல்லின் பால் காட்டும் முன்சொற்கள்) அட்டவணையை முதல் நாளிலிருந்தே போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பிறகு ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பந்தி. பிள்ளைகள் அதைத் தேவாரம் மாதிரி மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடுவார்கள். ஏ1 அளவில் கேட்கப்படுவது ஏறத்தாழ 650 சொற்கள். அவற்றைக் காதால் கேட்டுப் பிடிக்கவும் கேள்வியாக வாயில் எடுக்கவும் தெரிந்தால் போதும். வேற்றுமை உருபு பிழைத்தாலும் விளங்கினால் புள்ளி தருகிறார்கள்.

அதிகம் பேர் புள்ளியை விடுவது கேட்டலில்தான். அதில் மூன்று பிரிவு. முதலாவதும் மூன்றாவதும் இரண்டு தடவை ஒலிக்கும். நடுவில் வரும் அறிவிப்புகள், ரெயில் நிலையத்திலும் கடையிலும் சொல்வது போன்றவை, ஒரே தடவைதான். அவற்றில் அடிக்கடி வருவது எண்கள். எங்களுக்கு நாற்பத்தேழு என்றால் நாற்பது முன்னால் வரும். டொச்சில் ‘ஸீபென் உன்ட் ஃபியர்ட்ஸிஷ்’, ஏழும் நாற்பதும். காதில் முதலில் விழும் ஏழை எழுதிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். நேரம் இன்னும் மோசம். ‘ஹல்ப் ஆஹ்ட்’ என்றால் எட்டரை இல்லை, ஏழரை. ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் இதில் கூடுதலாக விழுவார்கள்.

இதற்கு நான் செய்தது இதுதான். என் கணவர் இரவில் வட்ஸ்அப்பில் அழைத்து, அங்கத்தைய சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளை வைத்து விலைகளை மட்டும் வாசிப்பார். பிறகு பஸ் நேரம், பிளாட்பார இலக்கம், டெலிபோன் இலக்கம். நான் எழுதிப் படம் எடுத்து அனுப்புவேன், அவர் திருத்துவார். “புதுசாய்க் கலியாணம் கட்டினதுகள் கதைக்கிற கதையா இது?” என்று அம்மா சிரிப்பார். ஆனால் ஒரு மாதத்தில் காது பழகிவிட்டது. கணவர் அங்கே இருப்பது எங்களுக்குள்ள பெரிய வசதி, அதைப் பயன்படுத்துங்கள். கோதே நிறுவனத்தின் தளத்தில் மாதிரி வினாத்தாள்களும் அவற்றுக்கான ஒலிப்பதிவுகளும் இலவசமாகவே இருக்கின்றன. கடைசி வாரங்களில் நேரம் வைத்து, இடையில் நிறுத்தாமல், அவற்றைச் செய்து பாருங்கள்.

பேசுதல் குழுவாக நடக்கும். கூடினால் நான்கு பேர், முன்னால் இரண்டு பரீட்சகர்கள். முதலில் பெயர், வயது, நாடு, ஊர், மொழி, தொழில், பொழுதுபோக்கு என்று எழுதிய அட்டையைப் பார்த்து உங்களை அறிமுகம் செய்ய வேண்டும். உடனே பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். எங்கள் பெயர்களின் நீளத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆங்கில ஏ அங்கே ‘ஆ’, ஆங்கில ஈ அங்கே ‘ஏ’, ஆங்கில ஐ அங்கே ‘ஈ’. ஜெயந்தி என்ற பெயரை ‘யொட், ஏ, உப்சிலொன், ஆ, என், டே, ஹா, ஈ’ என்று சொல்ல வேண்டும். உங்கள் பெயர், அப்பாவின் பெயர், தெருவின் பெயர் மூன்றையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள்.

அடுத்ததில் ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் உள்ள அட்டை வரும். தலைப்பு சாப்பாடு, சொல் ஞாயிறு என்றால், “வாஸ் இஸ்ட் டு அம் சொன்டாக்?” (ஞாயிறு என்ன சாப்பிடுகிறாய்?) என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். “இஷ் எஸ்ஸெ ரைஸ்” (சோறு சாப்பிடுகிறேன்) போதும். சோறு, கறி, சொதி என்று நீட்டப் போய்ச் சொல் கிடைக்காமல் தடுமாற வேண்டாம். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி பதற்றத்தில் பாதிக் கேள்வியோடு நின்றுவிட்டார். “நொஹ் ஐன்மால், பிட்டெ” என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். மூச்சு எடுத்துக்கொண்டு முழுதாகக் கேட்டார். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. கடைசியில் படம் உள்ள அட்டை, அதை வைத்து ஒரு வேண்டுகோள். தண்ணீர்க் கிளாஸ் படமா, தண்ணீர் கேளுங்கள், ‘பிட்டெ’யை (தயவுசெய்து) மறக்காமல்.

எழுதுதலில் முதலில் ஒரு படிவத்தில் ஐந்து இடைவெளி. பிறகு ஏறத்தாழ 30 சொல்லில் ஒரு குறிப்பு, அதற்கு 3 விடயம் தருவார்கள். மாதிரித் தாளில் ஒன்று, ஓகஸ்டில் டிரெஸ்டென் நகருக்குப் போவதாகச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதுவது: ஏன் எழுதுகிறீர்கள், கலை நிகழ்ச்சி விபரம், ஹோட்டல் விலாசம். ஒரு விடயத்துக்கு ஒரு வசனம், கூடினால் இரண்டு. மூன்றையும் தொட்டீர்களா என்பதற்குத்தான் பெரும்பகுதிப் புள்ளி. ஒன்றை அழகாக எழுதிவிட்டு மற்றதை விட்டால் நட்டம். வாசித்தல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாதிரித் தாள் செய்தவர்களுக்கு அது இலகு.

சித்தியடைந்ததும் புத்தகத்தைப் பரணில் போட வேண்டாம். தூதரகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது சில வேளை டொச்சில் ஓரிரு கேள்வி வரும். கையில் சான்றிதழ் இருந்தும் ‘எங்கே வசிக்கிறீர்கள்’ என்பதற்கு முழித்தால் அந்தச் சான்றிதழ் மேலேயே சந்தேகம் வரலாம். பிறகு கோப்பு கணவர் வசிக்கும் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் சம்மதம் சொன்னால்தான் விசா, அதற்கு மாதக்கணக்கு எடுக்கும்.

உண்மையாகவே முயன்றும் சித்தியடைய முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஜேர்மன் பிரஜையின் கணவனோ மனைவியோ ஒரு வருடம் நியாயமாக முயன்றும் முடியாவிட்டால் மொழியைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று அந்த நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2012 செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் முயற்சியை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வகுப்புப் பற்றுச்சீட்டு, வரவுப் பதிவு, தவறிய பெறுபேறு எதையும் எறியாதீர்கள்.

விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் அடுத்த நிலையான ஏ2 தொடங்குங்கள். அங்கே போனதும் ஒருங்கிணைப்பு வகுப்பு: 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டைப் பற்றி. முடிவில் ஒரு மொழிப் பரீட்சையும் 33 கேள்வித் தாள் ஒன்றும் இருக்கும்; தாளில் 15 சரி என்றால் சித்தி. மொழியில் ஏ2வுக்கு அடுத்த நிலையான பி1 எடுத்திருந்தால், சேர்ந்து வாழ்ந்து 3 வருடம் முடிந்ததும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.