மூணு ரவுண்டு படிச்சும் நற்றிணை வரல

மொத தடவ அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்ச எழுதுனப்போ ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் தமிழ் புக்க மூணு ரவுண்டு முடிச்சிருந்தேன், பக்கம் பூரா ஹைலைட்டர், மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி இருக்கும். ஹால்ல உக்காந்தா நற்றிணைக்கு எத்தன அடின்னு கேள்வி, அந்தப் பக்கம், அந்த மஞ்சக்கோடு எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது, நம்பர் மட்டும் வரல.

200 கேள்வி, 3 மணி நேரம், அதுல பாதி தமிழ், யோசிச்சுட்டு உக்கார நேரம் ஏது.

அப்புறம் தங்கச்சிதான் "புக்க மூடிட்டு சொல்லுண்ணே"ன்னா. செம கடுப்பு, ஏன்னா ஒண்ணுமே வரல. அதுலேருந்து ஒரு பாடம் படிச்சதும் மூடி வச்சுட்டு வெள்ளப் பேப்பர்ல ஞாபகம் இருக்கறத எழுதுவேன், விட்டத சிவப்பு பேனால, அந்த சிவப்ப மட்டும் ரெண்டு நாள் கழிச்சு, திரும்ப ஒரு வாரம் கழிச்சு தங்கச்சிய கேக்கச் சொல்லுவேன். அப்படி எழுதறப்போதான் கவனிச்சேன், பாட்டுக்கு அடிக்கணக்கு குறுந்தொகை 4லேருந்து 8, நற்றிணை 9லேருந்து 12, அகநானூறு 13லேருந்து 31, ஒண்ணு முடியற எடத்துல அடுத்தது ஆரம்பிக்குது! மூணு ரவுண்டுல இது கண்ணுலயே படல பாருங்க.

ஹைலைட்டர் இப்போ தங்கச்சிகிட்ட, ரெக்கார்டு நோட்டுல பார்டர் போட்டுட்டிருக்கா.