மைனஸ் ஒன்று

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு ப்ரமோட்டராக, அதாவது அவர்கள் மெஷினைக் கடையில் விற்றுக்கொடுப்பவனாக இருக்கிறேன். சம்பளம் தருவது கம்பெனி, நாள் முழுக்க நிற்பது கடையில். 2025 தீபாவளிக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை திறந்தார்கள். எங்களை விடிவதற்குள் வரச்சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் முன்பே ஷட்டருக்கு வெளியே வரிசை நின்றது. முதல் நூறு பேருக்கு மிக்ஸி பாதி விலை.

இப்படிக் கூடுகிறவர்களை விவரமில்லாதவர்கள் என்று கேலி செய்வது சுலபம். உள்ளே நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. சின்னத்திரை நடிகை ரிப்பன் வெட்டும்போது செல்போனைத் தூக்கிப் பிடித்ததெல்லாம் ரோட்டில் நின்ற பையன்கள். டோக்கன் வாங்கிய பெண்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஷட்டர் பாதி ஏறியதுமே குனிந்து உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு பாட்டி ஜாரைக் கையில் தூக்கி எடை பார்த்தார், மூடி ரப்பரை நகத்தால் நெம்பிப் பார்த்தார். “கவர்மெண்டு குடுத்ததே இன்னும் ஓடுது, இது அத்தன வருசம் ஓடுமா?” என்றார். 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸித் திட்டத்தைச் சொல்கிறார். பில் போடும் பையனிடம் பதில் இல்லை.

என் பகுதிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஜிஎஸ்டி குறைந்ததே, எவ்வளவு கழிப்பீர்கள்? செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமானது ஏசி, 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவி, டிஷ்வாஷர் போன்றவைதான். வாஷிங் மெஷின் 2018-லேயே 18-க்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

ஆனால் கடையின் நெரிசலெல்லாம் லோன் டெஸ்க்கில். பன்னிரண்டுக்கு நாலு ஸ்கீம்: நாலு தவணை முன்பணம், மீதி எட்டு மாதம், வட்டி கிடையாது. அந்த வட்டியைப் பொருளைத் தயாரிக்கும் கம்பெனி தள்ளுபடியாகக் கட்டிவிடும்; ப்ராசஸிங் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்குபவர் தலையில். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஒரு அக்கா ஏழு கிலோ டாப் லோட் மெஷின் பிடித்துப்போய் லோன் டெஸ்க்குக்குப் போனார். ஆதார், பான், ஓடிபி எல்லாம் ஆயிற்று. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900-க்குள் வர வேண்டும். திரையில் வந்தது மைனஸ் ஒன்று. கடன் வரலாறே இல்லை என்று அர்த்தம். “உங்களுக்கு ஸ்கோர் இல்லக்கா” என்றான் லோன் பையன்.

“கடனே வாங்கலன்னா நல்லதுதானே தம்பி?”

வருஷக்கணக்காக ஒரு தவணை தவறாமல் சீட்டுக் கட்டுகிறவர். அவர் நாணயம் சந்தை முழுக்கத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பக்கத்திலேயே, பைக் தவணையைச் சமாளித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு 55 இஞ்ச் டிவி பாஸாகிவிட்டது. இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

அக்கா முகம் சுண்டவில்லை. மாடல் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிப் போனார். அடுத்த மாதம் சீட்டை எடுத்து ரொக்கத்தோடு வந்து மேனேஜரிடம் நேராகக் கேட்டார்: “தவணைக்காரங்களுக்கு உங்க கம்பெனி வட்டி கட்டுதாம்ல? எனக்கு அதக் கழிச்சிருங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஏரியா மேனேஜருக்கு போன் போட்டேன். கழித்தார்கள். அப்புறம் மெஷினை வைக்கும் ஸ்டாண்டுக்கும் பேரம் ஆரம்பித்தது.